இணைய வேகம் கூட்டும் வித்தைகள்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அலுவல் நிமித்தம் நமது வங்கியின் கிளை ஒன்றுக்குச் சென்றிருந்தேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தம் மடிக்கணினியைத் துணிப்பையில் வைத்து எடுத்துவந்திருந்தார். இணைய வங்கிப் பக்கத்தைத் திறக்க முயலும்போதெல்லாம் ‘இத்தளத்தின் சான்றிதழ் நம்பத்தக்கதன்று’ என்னும் எச்சரிக்கை வருகிறது என்றும், வங்கியின் தளத்தில்தான் ஏதோ கோளாறு இருக்க வேண்டும் என்றும் கிளை மேலாளரிடம் முறையிட்டுக்கொண்டிருந்தார். அதே பக்கம் கிளையில் இருந்த மற்றக் கணினிகளில் ஒழுங்காகத் திறந்தது. நான் வங்கியின் தொழில்நுட்பப் பிரிவைச் சேர்ந்தவன் என்பதால் மேலாளர் அவரை என்னிடம் அனுப்பினார்.

அண்மையில் கணினியில் ஏதேனும் மாற்றம் செய்தீர்களா என்று கேட்டேன். சிறிது தயங்கிவிட்டு, “இன்டர்நெட் ரொம்ப மெதுவா இருந்தது சார். ஸ்பீடு இரண்டு மடங்கு ஆகும்னு ஒரு வீடியோவில் சொன்னாங்க. அதில் இருந்த சாஃப்ட்வேரைப் போட்டேன்” என்றார்.

“வேகம் கூடியதா, ஐயா?”

“கூடின மாதிரிதான் தெரிஞ்சது.”

அந்த மென்பொருள் அவருடைய கணினியில் என்ன செய்திருந்தது என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன். ‘கூடின மாதிரி’ என்று அவர் சொன்ன சொல்லிலேயே இத்தகைய வித்தைகள் அனைத்தின் இரகசியமும் அடங்கியிருக்கிறது. வேகம் கூட்டும் மென்பொருள்கள் பெரும்பாலும் கணினியை ஒரு முறை நிறுத்தித் தொடங்கச் சொல்லும். அப்படித் தொடங்கினாலே பின்னணியில் குவிந்துகிடந்த வேலைகள் ஒழிந்து கணினி சற்றுச் சுறுசுறுப்பாகும். பிறகு நாம் வழக்கமாகப் பார்க்கும் பக்கத்தையே திறந்து சோதிப்போம். அப்பக்கத்தின் படங்களில் பெரும்பகுதி முன்னரே நம் கணினியின் சேமிப்பில் இருக்கும்; ஆதலால் அது சட்டென்று விரியும். இணைப்பில் ஒரு துளி மாற்றமும் நேராமலே வேகம் கூடியதாக நம் கண்கள் நம்மை நம்பவைத்துவிடும்.

இணைய வேகம் எங்கே தீர்மானிக்கப்படுகிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். வீட்டுக்குக் குடிநீர் வரும் வழியை நினைத்துப் பாருங்கள். நீரேற்று நிலையம், மேல்நிலைத் தொட்டி, தெருவில் பதித்த பெருங்குழாய், அதிலிருந்து நம் வீட்டுக்குப் பிரியும் அரை அங்குல இணைப்பு, இறுதியாக அடுக்களைக் குழாய். அடுக்களைக் குழாயைப் பித்தளையில் மாற்றினாலும் வெள்ளியில் மாற்றினாலும் அரை அங்குல இணைப்பு தருவதைவிட ஒரு குடம் கூடுதலாக வாராது. இணையமும் அத்தகையதே. தொலைதூர வழங்கிக் கணினி, நாடுகளை இணைக்கும் கடலடிக் கம்பிகள், சேவை நிறுவனத்தின் வலையமைப்பு, நம் தெருவுக்கு வரும் ஒளியிழை, வீட்டிலுள்ள ரவுட்டர், அதிலிருந்து கணினிக்கு வரும் வைஃபை என்று ஒரு சங்கிலி அது. இக்கண்ணிகளுள் எது மிகக் குறுகியதோ, அதுவே நமக்குக் கிடைக்கும் வேகம். கணினியின் உட்புற அமைப்புகள் இன்று அந்தக் குறுகிய கண்ணியாக இருப்பது மிக அரிது.

இங்கே அளவு பற்றி ஒரு குழப்பத்தையும் நீக்கிவிடுதல் நலம். நொடிக்கு 100 மெகாபிட் என்பதைத்தான் சேவை நிறுவனங்கள் ‘100 எம்.பி.பி.எஸ்.’ என்று விளம்பரம் செய்கின்றன. மருத்துவப் பட்டத்தைப் போல ஒலிக்கும் இச்சொல்லில் உள்ளது பிட். கோப்புகளை நாம் அளப்பதோ பைட்டில். 8 பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 100 மெகாபிட் இணைப்பு முழு வேகத்தில் இயங்கினாலும் நொடிக்கு 12.5 மெகாபைட்தான் இறங்கும். 1,000 மெகாபைட் கொண்ட திரைப்படம் ஒன்று இறங்க 80 நொடிகள் ஆகும். ‘நூறு என்று சொல்லிவிட்டுப் பன்னிரண்டுதான் தருகிறார்கள்’ என்ற மனக்குறையோடு வேகம் கூட்டும் மென்பொருளைத் தேடிப் போவோர் பலர். அவர்களுக்கு வரவேண்டியது முழுமையாகவே வந்துகொண்டிருக்கிறது!

இனி, நெடுங்காலமாக உலவிவரும் கதைகளுக்கு வருவோம். அவற்றுள் தலையாயது இருபது விழுக்காட்டுக் கதை. 2001ஆம் ஆண்டு அக்டோபரில் விண்டோஸ் எக்ஸ்பி வெளிவந்த சில காலத்திற்குள்ளாகவே, ‘உங்கள் இணைய வேகத்தில் இருபது விழுக்காட்டை மைக்ரோசாஃப்ட் தனக்கென்று ஒதுக்கி வைத்துக்கொள்கிறது, இந்த அமைப்பைச் சுழியமாக மாற்றினால் அது உங்களுக்குத் திரும்பிவிடும்’ என்ற குறிப்பு ஊரெல்லாம் பரவியது. விண்டோஸ் 11 காலத்திலும் அது காணொளி வடிவில் உயிரோடிருக்கிறது. கதை முற்றிலும் கற்பனையும் அன்று. இயங்குதளத்தின் உள்ளே ஒதுக்கீட்டு வரம்பு பற்றிய ஓர் அமைப்பு உண்டு, அதில் 20 என்ற எண்ணும் உண்டு. அதனால்தான் பார்த்தவர்கள் நம்பினார்கள்.

அந்த எண்ணின் பொருள் வேறு. இணையவழிப் பேச்சு போன்ற, தடையின்றி நடந்தாக வேண்டிய பணிகளுக்காகச் சில செயலிகள் இயங்குதளத்திடம் முன்னுரிமை கேட்கலாம். அப்படிக் கேட்கும் செயலிகள் எல்லாம் சேர்ந்தும் இருபது விழுக்காட்டுக்கு மேல் முன்பதிவு செய்துகொள்ளக் கூடாது என்பதே அந்த வரம்பு. இரயிலில் அவசர ஒதுக்கீடு இருக்கிறதல்லவா? அதில் சில இருக்கைகள் வைக்கப்பட்டிருக்கும். கேட்பார் இல்லையென்றால், அட்டவணை தயாராகும்போது அவை காத்திருப்போர் பட்டியலில் உள்ளவர்களுக்கே போய்விடும். வெற்றிருக்கையோடு வண்டி புறப்படுவதில்லை. இங்கும் முன்னுரிமை கேட்கும் செயலி இல்லாதபோது முழு அகலமும் மற்றச் செயலிகளுக்கே கிடைக்கும். கேட்ட செயலியும் தன் பங்கை முழுதாகப் பயன்படுத்தாவிட்டால், எஞ்சியது மற்றவற்றுக்குப் போகும். மைக்ரோசாஃப்ட் நிறுவனமே இதனை வெளிப்படையாக விளக்கி அறிவித்தது. ஆனாலும் வதந்திக்கு இருக்கும் கால்கள் விளக்கத்துக்கு இருப்பதில்லை.

அடுத்த கதை நுட்பமானது. ஏனெனில் அது ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்தது. கோயம்புத்தூரிலுள்ள ஓர் அரிசி மண்டியிலிருந்து தில்லியிலுள்ள கடைக்கு மூட்டைகள் அனுப்புவதாகக் கொள்வோம். ‘ஒரே தடவையில் பத்து மூட்டைதான் அனுப்ப வேண்டும், அவை வந்து சேர்ந்ததற்கு நான் ஒப்புகை அனுப்பிய பிறகே அடுத்த பத்து’ என்று கடைக்காரர் நிபந்தனை விதித்தால் என்ன ஆகும்? நெடுஞ்சாலை எவ்வளவு அகலமாக இருந்தாலும் லாரி பெரும்பாலான நேரம் சும்மா நிற்கும். இணையத் தரவும் இப்படி ஒப்புகை பெற்றுப் பெற்றுத்தான் நகர்கிறது. ஒப்புகைக்குக் காத்திராமல் எவ்வளவு தரவு வரலாம் என்பதைப் பெறுகின்ற கணினி அறிவிக்கும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இந்த அளவு பொதுவாக ஏறத்தாழ 17 கிலோபைட்டாக இருந்தது. தொலைபேசிக் கம்பிவழி மோடம் இணைப்புக்கு அது தாராளம். பிராட்பேண்ட் வந்தபோது போதவில்லை. அதனை உயர்த்திக்கொண்டவர்கள் தொலைதூரத் தளங்களிலிருந்து உண்மையிலேயே விரைவாகக் கோப்புகளை இறக்கினார்கள்.

ஆனால் 2007ஆம் ஆண்டு பொதுமக்களின் கைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா முதலாக, இந்த அளவை இணைப்பின் தன்மைக்கேற்ப இயங்குதளமே நொடிக்கு நொடி தானாகத் திருத்திக்கொள்கிறது. திருத்துவதற்கு நமக்கு எதுவும் எஞ்சவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளையைத் தட்டி அந்தத் தானியங்கித் திருத்தத்தை நிறுத்திவிடுங்கள், வேகம் பறக்கும் என்று இன்று சிலர் அறிவுரை கூறுகிறார்கள். நிறுத்தினால் நேர்வதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். தானியங்கித் திருத்தம் இல்லையேல் உச்ச அளவு 65,535 பைட்டில் நின்றுவிடும். அதாவது 5,24,280 பிட்டுகள். கடல் கடந்த வழங்கி ஒன்றுக்குத் தரவு சென்று ஒப்புகை திரும்ப 200 மில்லி நொடி, அதாவது நொடியில் ஐந்தில் ஒரு பங்கு, ஆகும் எனில், ஒரு நொடியில் ஐந்து முறைதான் இந்த அளவை அனுப்ப முடியும். ஆகமொத்தம் நொடிக்கு 26 இலட்சம் பிட்டுகள், ஏறத்தாழ 2.6 மெகாபிட். நூறு மெகாபிட்டுக்கு மாதந்தோறும் பணம் கட்டுபவர், தம் கையாலேயே அதனை ஒரு தரவிறக்கத்துக்கு இரண்டரை மெகாபிட்டாகச் சுருக்கிக்கொள்கிறார். அண்மையில் உள்ள வழங்கிகளில் இழப்பு இவ்வளவு இராது என்பதால், தம் கை வினையே காரணம் என்பது அவருக்குத் தெரியவும் தெரியாது.

உலாவியின் தற்காலிகக் கோப்புகளை நாள்தோறும் அழித்தால் வேகம் கூடும் என்பது இன்னொன்று. வேகத்துக்காகத்தானே உலாவி அவற்றைச் சேமித்து வைக்கிறது? அழித்தால் எல்லாவற்றையும் மறுபடியும் இறக்க வேண்டும். வட்டு நிரம்பி வழியும்போதோ, ஒரு தளம் தவறாகத் தோன்றும்போதோ அழிப்பதில் பயன் உண்டு, மற்றபடி இல்லை. ரிஜிஸ்ட்ரி எனப்படும் இயங்குதளப் பதிவேட்டைத் துப்புரவு செய்யும் மென்பொருள்களுக்கும் இணைய வேகத்துக்கும் எத்தொடர்பும் இல்லை. கைப்பேசியில் 4ஜி இணைப்பை 5ஜி ஆக்கித் தருவதாகச் சொல்லும் செயலிகளைப் பற்றியும் நெடிது எழுதத் தேவையில்லை. கைப்பேசியின் வன்பொருளும் சேவை நிறுவனத்தின் கோபுரமும் இடந்தராத ஒன்றை எந்தச் செயலியாலும் தர இயலாது.

ஒன்றும் செய்யாத மென்பொருளை மக்கள் பணம் கொடுத்து வாங்குவார்களா என்று ஐயுறுவோருக்கு ஒரு பழைய செய்தி. 1995ஆம் ஆண்டு அமெரிக்காவில் ‘சாஃப்ட்ராம் 95’ என்னும் மென்பொருள் விற்பனைக்கு வந்தது. கணினியின் நினைவகத்தை இரு மடங்காக்கும் என்பது அதன் வாக்குறுதி. திரையில் அழகிய அளவுமானிகளைக் காட்டியதைத் தவிர விண்டோஸ் 95இல் அது நினைவகத்தைச் சிறிதும் கூட்டவில்லை என்பது பின்னர் வெளிப்பட்டது. அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 1996இல் அந்நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. அதற்குள் இலட்சக்கணக்கான பிரதிகள் விற்றுப்போயிருந்தன.

இதுவரை சொன்னவற்றால் நேர்வது பெரும்பாலும் ஏமாற்றம் மட்டுமே. இனிச் சொல்வது அப்படியன்று. தலைமையாசிரியரின் கணினிக்குத் திரும்புவோம்.

இணையத்தில் ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் எண் முகவரி உண்டு. நாம் பெயரைத் தட்டச்சு செய்கிறோம்; அப்பெயருக்கு உரிய எண்ணைத் தேடித் தரும் வேலையை டி.என்.எஸ். என்னும் பெயர் வழங்கிகள் செய்கின்றன. தொலைபேசி விவரத் திரட்டு போன்றவை அவை. பொதுவாக நம் சேவை நிறுவனத்தின் பெயர் வழங்கியையே கணினி நாடும். அது மந்தமாக இருப்பின், கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 போன்ற பொது வழங்கிகளுக்கு மாறும்போது பக்கம் திறக்கத் தொடங்கும் கணத்தில் சில மில்லி நொடிகள் மிச்சமாகலாம். திறந்த பின்னர்த் தரவு இறங்கும் வேகத்தில் இதனால் எம்மாற்றமும் இல்லை. எண்ணை விரைவாகத் தேடிக் கொடுத்ததற்காகத் தொலைபேசி உரையாடல் விரைவாக முடிந்துவிடாது அல்லவா?

தலைமையாசிரியர் நிறுவிய மென்பொருள் இந்த விவரத் திரட்டைத்தான் மாற்றியிருந்தது. பெயர் தெரியாத யாரோ நடத்தும் வழங்கியின் எண்கள் அவருடைய கணினியில் எழுதப்பட்டிருந்தன. அவர் நம் வங்கியின் பெயரைச் சரியாகவே தட்டச்சு செய்தார்; முகவரிப் பட்டையிலும் சரியான பெயரே நின்றது. ஆனால் அத்திரட்டு வேறோர் எண்ணைக் கொடுத்து, அவரை வேறோர் இடத்துக்கு அனுப்பியது. போய்ச் சேர்ந்த இடத்தால் வங்கிக்குரிய மின்னணுச் சான்றிதழைக் காட்ட முடியவில்லை. உலாவி அதனைக் கண்டுகொண்டு எச்சரித்தது. அவர் அந்த எச்சரிக்கையைத் தாண்டிச் செல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு கிளைக்கு வந்தார். கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யும்வரை காரியம் போகவில்லை. ஓய்வூதியம் முழுவதும் அந்தக் கணக்கில்தான் இருந்தது.

இது எங்கோ ஒருவருக்கு நேர்ந்த அரிய விபத்தன்று. ‘டி.என்.எஸ். சேஞ்சர்’ என்று பெயரிடப்பட்ட தீநிரல் ஒன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 40 இலட்சம் கணினிகளில் இதே வேலையைச் செய்திருந்தது. எஸ்தோனியாவைச் சேர்ந்த ஒரு கும்பல் அதன் பின்னால் இருந்ததை அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. 2011 நவம்பரில் அறிவித்தது. அக்கும்பல் குறைந்தது 1.4 கோடி டாலர் ஈட்டியிருந்தது. அவர்கள் குறிவைத்தது விளம்பர வருவாயை. வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் புதுப்பிக்கப்படுவதையும் அந்நிரல் தடுத்தது. கும்பலைப் பிடித்தாயிற்று என்று அவர்களுடைய வழங்கிகளை உடனே அணைத்துவிடவும் முடியவில்லை. அணைத்தால் பாதிக்கப்பட்ட கணினிகள் அனைத்தும் ஒரே நாளில் இணையத்தை இழந்துவிடும். எனவே நீதிமன்ற ஆணையின்படி நம்பகமான மாற்று வழங்கிகளை நிறுவி, 2012 ஜூலை 9ஆம் நாள் வரை நடத்த வேண்டியதாயிற்று. விவரத் திரட்டைக் கைப்பற்றியவன் விளம்பரத்துக்கு மட்டுமே ஆசைப்படுவான் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

வேகம் கூட்டும் மென்பொருளை நிறுவும்போது, ‘இக்கணினியில் மாற்றங்கள் செய்ய இதனை அனுமதிக்கிறீர்களா?’ என்று விண்டோஸ் கேட்கும். ‘ஆம்’ என்று நாம் அழுத்தும் அந்தச் சொடுக்கு, வீட்டுச் சாவிக் கொத்தைக் கையில் கொடுப்பதற்குச் சமம். பிறகு அது என்ன செய்கிறது என்பதை நாம் அருகில் இருந்து பார்ப்பதில்லை. இதே ஆசையைப் பற்றிக்கொண்டு தொலைபேசியிலும் சிலர் வருவார்கள். 2022 அக்டோபர் 1 அன்று நம் நாட்டில் 5ஜி சேவை தொடங்கியதும், ‘உங்கள் சிம்மை 5ஜிக்கு உயர்த்துகிறோம்’ என்று இணைப்புகள் அனுப்பி, ஒருமுறைக் கடவுச்சொல்லைப் பறிக்கும் முயற்சிகள் கிளம்பின. பல நகரங்களின் காவல்துறையினர் மக்களை எச்சரிக்க நேர்ந்தது. சேவை நிறுவனத்திலிருந்து பேசுவதாகக் கூறி, வேகத்தைச் சரிசெய்யத் தொலைவிலிருந்து திரையைப் பார்க்கும் செயலியை நிறுவச் சொல்வதும் இவ்வகையே. அத்தகைய செயலி இயங்கும்போது நீங்கள் காண்பதையெல்லாம் எதிர்முனையில் இருப்பவரும் காண்பார்.

பணம் பறிபோனால் யார் பொறுப்பு என்பதையும் வாடிக்கையாளர்கள் அறிந்திருக்க வேண்டும். இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6ஆம் நாள் வெளியிட்ட சுற்றறிக்கை இதனை வரையறுத்தது. வங்கியிடமோ வாடிக்கையாளரிடமோ குறையில்லாமல் வேறெங்கோ நேர்ந்த மீறலால் இழப்பு ஏற்பட்டு, வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் வாடிக்கையாளர் தெரிவித்துவிட்டால், அவருக்குப் பொறுப்பு ஏதும் இல்லை. கடவுச்சொல் முதலியவற்றைத் தாமே பிறரிடம் கொடுத்தது போன்ற கவனக்குறைவால் நேர்ந்த இழப்பாயின், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஏற்பட்ட இழப்பு முழுவதும் வாடிக்கையாளருடையதே. தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்பு வங்கியைச் சாரும். எனவே ஐயம் எழுந்த நிமிடமே வங்கியை அழையுங்கள். தேசிய இணையக் குற்ற உதவி எண் 1930.

இவ்வளவு சொன்ன பிறகும், ‘அப்படியானால் மெதுவாக இருக்கும் இணையத்தை என்னதான் செய்வது?’ என்ற கேள்வி நிற்கிறது. முதற்செயல், எந்தக் கண்ணி குறுகியது என்று கண்டறிவது. ரவுட்டரிலிருந்து கம்பி மூலம் கணினியை நேரடியாக இணைத்து வேகத்தைச் சோதியுங்கள். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய டிராய், கைப்பேசிக்கென ‘மைஸ்பீடு’ என்னும் செயலியை வழங்குகிறது. கம்பியில் நல்ல வேகமும் வைஃபையில் குறைந்த வேகமும் வந்தால் குறை வீட்டுக்குள்ளே இருக்கிறது. ரவுட்டரை வீட்டின் நடுவில், உயரமான, திறந்த இடத்தில் வையுங்கள். அதில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகள் இருந்தால், அருகில் இருக்கும்போது 5ஐத் தேர்ந்தெடுங்கள். அது வேகமானது, ஆனால் சுவர்களைக் கடப்பதில் சற்று வலுக்குறைந்தது. கம்பியிலும் வேகம் குறைவாகவே இருந்தால், நாளின் வெவ்வேறு நேரங்களில் சோதித்துக் குறித்துக்கொண்டு சேவை நிறுவனத்திடம் முறையிட்டுப் பதிவு எண் பெறுங்கள். தீர்வில் நிறைவில்லையெனில், அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியை அணுக டிராய் விதிகள் வழிவகுத்திருக்கின்றன.

வங்கிப் பணிகளைப் பொறுத்தவரை இன்னொன்றும் சொல்ல வேண்டும். பணப் பரிமாற்றத்துக்குத் தேவைப்படும் தரவு மிகச் சிறிது. நமது நாட்டில் 2004ஆம் ஆண்டு நொடிக்கு 256 கிலோபிட் இருந்தாலே அது பிராட்பேண்ட் எனப்பட்டது. 2023 முதல்தான் அந்தக் கீழ்வரம்பு 2 மெகாபிட் ஆயிற்று. அந்தப் பழைய வேகத்திலும் இணையவழிப் பணம் போய்ச் சேர்ந்துகொண்டுதான் இருந்தது. பரிமாற்றம் ‘நிலுவையில்’ என்று நின்றால், வேகம் போதவில்லை என்று எண்ணி மறுபடியும் பொத்தானை அழுத்தாதீர்கள். வங்கிகளுக்கு இடையிலான ஒப்புகைக்காக அது காத்திருக்கக்கூடும். கணக்கறிக்கையைப் பார்த்த பின்னரே அடுத்த முயற்சி.

தலைமையாசிரியரின் இணைய வங்கிக் கடவுச்சொல்லை வேறொரு கணினியில் அன்றே மாற்றச் செய்தோம். அவருடைய கோப்புகளைப் படியெடுத்துவிட்டு விண்டோஸைப் புதிதாக நிறுவிக்கொள்ளுமாறும், வீட்டில் கம்பிவழியாக ஒரு முறை வேகத்தைச் சோதிக்குமாறும் எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் தொலைபேசியில் அழைத்தார். கம்பியில் 94 மெகாபிட் வந்ததாம். படிக்கும் அறையில் வைஃபையில் 11. ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். கூடத்தில், இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்தது. பேரப்பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் இருக்கட்டும் என்று அவர்தாம் அங்கே வைத்திருந்தார். அதனைக் கூடத்துச் சுவரில் நாள்காட்டிக்குப் பக்கத்தில் மாட்டிய பின் 60க்கு மேல் வருவதாகச் சென்ற மாதம் கிளை மேலாளரிடம் சொல்லியனுப்பியிருந்தார்.